ஏழு மீட்டர் கேம்பர், ஐந்து பேர், வட இத்தாலி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மீனா, மியூனிக்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் லீவு. வாடகைக்கு ஒரு கேம்பர், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி, எடுத்து வட இத்தாலி போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் ஊர் பார்ப்பதில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் ஆசை அதிகம். பிள்ளைகள் காட்டும் போட்டோவையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்கிறார்.

பிரென்னர் கணவாய் வழியாக இறங்கி டோலோமைட் மலை, கார்டா ஏரி, வெரோனா, வெனிஸ், சிங்குவே தெர்ரே கடலோர ஊர்கள், மிலான், கோமோ ஏரி, திரும்பும்போது ஸ்டெல்வியோ கணவாய். இதுதான் இப்போதைக்கு எங்கள் பிளான். ஸ்டெல்வியோ வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. வண்டி ஏழு மீட்டர் நீளம், டிரைவர் தலைக்கு மேலே படுக்கை உள்ள வகை, ஆறு பேர் படுக்கலாம் என்கிறார்கள்.

இவ்வளவும் இரண்டு வாரத்தில் முடியுமா? ராத்திரி கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாமா, இல்லை தினமும் கேம்பிங் (கட்டணம் கட்டி வண்டியோடு தங்கும் இடம்) தேட வேண்டுமா? அத்தையின் சாப்பாட்டுக்கு என்ன வழி? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சேகர், ஸ்டுட்கார்ட்

மீனா, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் கேளுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்பது வேறு, எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்பது வேறு. ஆறு படுக்கை இருந்தும் பெல்ட் உள்ள இருக்கை நான்கு மட்டுமே உள்ள வண்டிகள் உண்டு. நீங்கள் ஐந்து பேர். பதிவுப் பத்திரத்தில் எத்தனை இருக்கை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இத்தாலியிலும் குழந்தை இருக்கை கட்டாயம்.

அடுத்தது எடை. கார் லைசென்ஸில் ஓட்டும் வண்டி என்றால் மொத்தம் 3.5 டன்தான். ஐந்து பேர், சைக்கிள், அரிசி மூட்டை, நூறு லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீரே நூறு கிலோ. போகும்போது தொட்டியைக் கொஞ்சமாக நிரப்பி, சேர்ந்த இடத்தில் முழுதாக நிரப்புங்கள். ஜெர்மனியின் 11 கிலோ கேஸ் சிலிண்டரை இத்தாலியில் மாற்றித் தரமாட்டார்கள். வண்டியில் உள்ள சிலிண்டர் இரண்டையும் நிறைத்துக்கொண்டு போங்கள்.

பல கேம்பிங்கில் கரண்ட் 6 ஆம்பியர்தான் வரும், அதாவது 1,380 வாட். வீட்டிலிருக்கும் 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். சமையல் எல்லாம் கேஸ் அடுப்பிலேயே இருக்கட்டும்.

பின்னால் சைக்கிள் மாட்டுவதாக இருந்தால் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட 50-க்கு 50 சென்டிமீட்டர் பலகை வேண்டும். ஜெர்மனியில் கேட்கமாட்டார்கள், இத்தாலியில் அது இல்லையென்றால் அபராதம்.

வசந்தி, வெரோனா

மீனா, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. நான் வெரோனாவில் இருக்கிறேன். எங்களிடமும் ஒரு பழைய கேம்பர் உண்டு. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஏரியும் மலையும் அதில்தான் சுற்றிவருகிறோம்.

சிங்குவே தெர்ரே, மிலான், கோமோ, ஸ்டெல்வியோ நான்கையும் எடுத்துவிடுங்கள். கார்டா ஏரியின் தென்கரையில் ஒரு வாரம், டோலோமைட்டில் நான்கைந்து நாள், இரண்டே இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வெரோனாவும் வெனிஸும் ரயிலில் போய்விட்டு ராத்திரிக்கு வண்டிக்குத் திரும்பும் தூரம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேம்பரில் ஊர் மாறுவது காரில் ஊர் மாறுவது மாதிரி இல்லை. கழுவிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், டாய்லெட் பெட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும், அலமாரி ஒவ்வொன்றாகப் பூட்ட வேண்டும். புறப்படவே பத்தரை ஆகிவிடும். போய்ச் சேர்ந்து வண்டியை மட்டம் பார்த்து நிறுத்துவதற்குள் சாயங்காலம். முன்பக்க ஏசி காற்று பின் இருக்கை வரை சரியாக வராது. ஆகஸ்ட் வெயிலில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பாடு பெரும்பாடு. ஓடும்போது அத்தையை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், நீங்கள் பிள்ளைகளோடு பின்னால் இருங்கள். அவருக்குக் காற்றும் வரும், மலையும் முழுசாகத் தெரியும்.

தென்கரையில் பெஸ்கியேரா ஊரைப் பாருங்கள். மியூனிக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். மிலானையும் வெனிஸையும் இணைக்கும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. வெரோனாவுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. வெனிஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே கண்ணெதிரே பெரிய கால்வாய்தான். அங்கிருந்து 1-ஆம் எண் படகு ஒவ்வொரு துறையாக நின்று சான் மார்க்கோ வரை போகும். அத்தை உட்கார்ந்தபடியே கால்வாய்க் கரை மாளிகைகளையெல்லாம் பார்த்துவிடலாம். வெனிஸில் நடந்தால் பாலத்துக்குப் பாலம் படி, அவர் முழங்காலுக்கு ஆகாது. படகுக்கு ஒரு தடவைக்கு 9.50 யூரோ, ஆகவே நாள் டிக்கெட்டே எடுத்துவிடுங்கள். வெனிஸ் ஊருக்குள் நுழைய 2024-இல் தொடங்கிய கட்டணம் இதுவரை ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான சில நாட்களுக்குத்தான் வசூலித்திருக்கிறார்கள். ஆனாலும் போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த மறக்க வேண்டாம்.

கேம்பரோடு வெரோனா பழைய நகரத்துக்குள் நுழையாதீர்கள். வெள்ளை வட்டம், சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை இருந்தால் அனுமதி உள்ள வண்டி மட்டுமே போகலாம். கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் சில மாதம் கழித்து ஜெர்மனிக்கே வரும், வாடகை விட்டவர் அதற்கு மேல் தன் கட்டணமும் போடுவார். இத்தாலியின் எல்லாப் பழைய ஊர்களுக்கும் இது பொருந்தும்.

ராத்திரி எங்கே தூங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சாலைச் சட்டத்தின் 185-வது பிரிவு கேம்பரைச் சாதாரண வண்டியாகத்தான் பார்க்கிறது. கார் நிற்கும் இடத்தில் நிற்கலாம், உள்ளே தூங்கலாம். ஆனால் சக்கரத்தைத் தவிர எதுவும் தரையைத் தொடக் கூடாது. நாற்காலி போடக் கூடாது, பக்கத்துக் கூரைத் துணியை விரிக்கக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே விடக் கூடாது. ஏரிக்கரை ஊர்களில் பல பார்க்கிங்கில் கேம்பருக்குத் தடை உண்டு, அல்லது உயரத்துக்குக் கம்பி வைத்திருப்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் கோடை முழுவதும் வண்டிகளுக்கு நடுவேதான் வாழ்கிறார்கள், அவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது எனக்கு மனதுக்கு ஒப்பாது. பிள்ளைகளும் அத்தையும் இருக்கும்போது கேம்பிங்கே நல்லது. வழியில் ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் கேம்பருக்கென்றே நகராட்சிகள் வைத்திருக்கும் நிறுத்தங்கள் போதும்.

கேம்பிங்கில் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம். பல இடங்களில் கேட்டையே மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வெளியே வெயிலில் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டுக்குள் போங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், அத்தையுடையது கையிலேயே இருக்கட்டும்.

தென்கரையில் தண்ணீர் ஆழம் குறைவு, பிள்ளைகளுக்கு ஏற்றது. கரையெல்லாம் கூழாங்கல், தண்ணீரில் போடும் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சாயங்காலம் மோந்தே பால்தோ மலைப்பக்கம் மேகம் கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால், கூரைத் துணியை உடனே சுருட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் கோலிக்குண்டு அளவு ஆலங்கட்டி விழும். விரித்தபடி வெளியே போனவர்களின் கம்பி வளைந்து, துணி பக்கத்து வண்டிமேல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி தூங்கும்போதும் சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

முடிந்தால் தேதியைத் தள்ளுங்கள். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ, அதை ஒட்டி இத்தாலியே விடுமுறையில் இருக்கும். பவேரியாவில் பள்ளி செப்டம்பர் நடுவில்தானே திறக்கிறார்கள்? ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் கூட்டமும் வாடகையும் குறையும், ஏரித் தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ரஞ்சன், லுகானோ

வணக்கம் தங்கச்சி. வசந்தி அக்கா சொன்னது சரி. நான் கோமோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். அந்த மேற்குக் கரை ரோட்டில் சில ஊர்களுக்குள்ளே இரண்டு கார் விலகவே இடம் காணாது. எதிரே பஸ் வந்தால் ஏழு மீட்டர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டி வரும். கோமோவுக்கு இன்னொரு முறை சின்னக் காரில் வாருங்கள். மெனாஜ்ஜோ, வரென்னா, பெல்லாஜ்ஜோ மூன்றுக்கும் கார் ஏற்றும் ஃபெரி ஓடுகிறது, உங்கள் மாமிக்கு நல்ல வசதி.

மீனா, மியூனிக்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. சேகர் அண்ணா, கேட்டுப் பார்த்தேன், அந்த வண்டியில் பெல்ட் நான்குதான். ஐந்து பெல்ட் உள்ள வேறு வண்டி கிடைத்துவிட்டது. தேதியையும் ஆகஸ்ட் 24-க்கு மாற்றிவிட்டோம். வசந்தி அக்கா, டோலோமைட்டில் அத்தையால் எங்கே போக முடியும்? சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஸ்டெல்வியோவை விடமாட்டேன் என்கிறார்.

வசந்தி, வெரோனா

மீனா, சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அத்தைக்கு அதுதான் முக்கியம். இங்கே இறைச்சி இல்லை என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. பார்மிஜானோ, கிரானா பதானோ சீஸ் இரண்டும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னட் சேர்த்துச் செய்வது. ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிச் சாதத்தைப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் கிண்டுவார்கள். தாலியாதெல்லே, தொர்தெல்லி மாதிரி புதிதாகச் செய்யும் பாஸ்தாவில் முட்டை உண்டு. பாக்கெட்டில் வரும் காய்ந்த ஸ்பகெட்டி, பென்னே வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும், அதைத் தக்காளி சாஸோடு கேளுங்கள். பீட்சா என்றால் மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. ஜெலாத்தோ (ஐஸ்கிரீம்) கடையில் பழத்தில் செய்த சோர்பெத்தோ வாங்கிக்கொடுங்கள்.

வண்டியில் சமைப்பதற்கு ஒரு நல்ல செய்தி. வெரோனாவுக்குத் தெற்கே ஈசோலா தெல்லா ஸ்காலா பக்கம் வியாலோனே நானோ என்று ஒரு குண்டு அரிசி விளைகிறது. கொஞ்சம் தண்ணீர் கூட விட்டுக் குழைய வேகவைத்தால் தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் பிரமாதமாக இருக்கும், எங்கள் வீட்டில் அதுதான். சாதா முழுப்பால் தயிர் எல்லாக் கடையிலும் உண்டு. ஜெலட்டின் சேர்க்கவில்லையே என்று மட்டும் டப்பாவில் பாருங்கள். இட்லி மாவு கொண்டுவந்தால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியில் மூன்று நான்கு மணி நேரத்திலேயே பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

டோலோமைட்டில் அத்தைக்கு நான் சொல்வது சியூசி மேட்டுப் புல்வெளிதான், 56 சதுர கிலோமீட்டர், ஐரோப்பாவின் மிகப் பெரிய மலைப் புல்வெளி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தனியார் வண்டி மேலே போக முடியாது. சியூசி ஊரிலிருந்து கேபிள் கார் இருக்கிறது, உட்கார்ந்தபடியே மேலே போய்விடலாம். மேலே பெஞ்சில் உட்கார்ந்தாலே எதிரே சாஸோலுங்கோ மலை முழுவதும் தெரியும். நேரம் இருந்தால் அந்த ஒரு இடத்துக்கே இரண்டு நாள் போங்கள். அத்தையின் முகத்தை நினைத்தால் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. பிராயேஸ் ஏரிக்குப் போவதானால், ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை பகலில் முன்பதிவு இல்லாமல் பள்ளத்தாக்குக்குள் வண்டியை விடமாட்டார்கள். இப்போதே பதிவு செய்யுங்கள்.

போல்சானோ அருங்காட்சியகத்தில் ஏட்ஸியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 1991-இல் பனிப்பாறையில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய மனிதரின் உடல். மைனஸ் 6 டிகிரி அறையில் வைத்திருக்கிறார்கள், சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். அவர் போட்டிருந்த புல் திணித்த செருப்பும் தோல் உடையும் பக்கத்திலேயே இருக்கின்றன. பையனை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் உயரம், பிராத்தோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு. ஏழு மீட்டர் வண்டியும் முழங்கால் வலிக்காரரும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் பாதை அது இல்லை. ஆனால் திரும்பும்போது பிரென்னருக்குப் பதில் மெரானோ, வெனோஸ்தா பள்ளத்தாக்கு, ரேசியா கணவாய் வழியாக வாருங்கள். வழியெல்லாம் ஆப்பிள் தோட்டம். ரேசியாவில் 1950-இல் அணை நீர் ஊரை மூழ்கடித்தபோது மிஞ்சிய தேவாலயக் கோபுரம் ஏரி நடுவே நிற்கிறது, சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பிராத்தோ அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு நாள் வண்டியை நிறுத்துங்கள். கோடையில் ஸ்டெல்வியோவுக்கு பஸ் போகிறது, வீட்டுக்காரர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஏறி வரட்டும்.

இன்னொன்று. பிரென்னருக்கு முன்னால் ஆஸ்திரியாவில் லூக் பாலம் வேலை நடப்பதால் 2025 ஜனவரியிலிருந்து பல நாட்களில் திசைக்கு ஒரு வழித்தடம்தான். சனிக்கிழமை கிளம்பாதீர்கள். அந்தப் பகுதிக்கு விக்னெட் (ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர்) செல்லாது, தனிக் கட்டணம். இத்தாலி எல்லை தாண்டியதும் டிக்கெட் எடுத்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டும். மஞ்சள் பலகை போட்ட பாதை டெலிபாஸ் (தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு மட்டும், வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தவறிப்போய் உள்ளே நுழைந்துவிட்டால் பின்னுக்கு எடுக்கக் கூடாது, அங்கிருக்கும் உதவிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

பெஸ்கியேரா வந்ததும் எனக்கு எழுதுங்கள். அரிசி நான் வாங்கி வைக்கிறேன்.