கையப் புடிச்சு இழுக்குறான், ஆனா எதையும் காட்ட மாட்டேங்குறான்

செவ்வாய்பேட்டை_அம்மா:
வணக்கம்ங்க. பையனுக்கு 2 வயசு 8 மாசம், போன மாசம்தான் ஆட்டிசம்னு சொன்னாங்க. காது டெஸ்ட் நார்மல். ஜாயின்ட் அட்டென்ஷன் இல்ல, வீட்டுல விளையாட்டுல அதை கொண்டு வாங்கன்னு தெரபில சொல்லி பத்து நிமிஷத்துல அனுப்பிட்டாங்க, எனக்கு அப்படின்னா என்னன்னே புரியல. தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சு குடத்துகிட்ட இழுத்துட்டுப் போவான், மூஞ்சிய ஏறெடுத்துக்கூட பாக்க மாட்டான், என் கை ஏதோ கரண்டி மாதிரி. நான் வீட்ல இருந்தே கொலுசுக்கு முத்து கோக்குற வேலை பாக்குறேன், நடுவுல படம் போட்ட அட்டைய வச்சுகிட்டு யானை பாரு பூனை பாருன்னு தாடையப் புடிச்சு திருப்புறேன், அழுறான். மாமியார் வேற "அவங்கப்பனே மூணு வயசுலதான்டி பேசுனான்"னு. என்ன பண்றதுன்னு தெரியல.

தட்டுவடைசெட்:
அக்கா முதல்ல அந்த தாடைய விடுங்க!! நானும் அதே தப்பத்தான் ஆறு மாசம் பண்ணேன், என் பொண்ணு நான் கிட்ட போனாலே திரும்பிக்க ஆரம்பிச்சுட்டா. அவ எப்பவும் சைக்கிள் சக்கரத்தையே சுத்திட்டு இருப்பா, ஒரு நாள் கடுப்புல நானும் தரைல படுத்து பக்கத்து சக்கரத்த சுத்துனேன், அவ நிறுத்துனா நானும் நிறுத்துனேன். நாலாவது தடவையோ என்னவோ சட்டுனு என்னைப் பாத்தா. அழுதுட்டேன்.

மொழிப்பயிற்சி_சேலம்:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மேல சொன்னது சரி, அவன் கண்ண உங்க பொருளுக்கு இழுக்காதீங்க, அவன் பொருளுக்குள்ள நீங்க போங்க.

வேணும்னு கை நீட்டுறது வேற, "ஐ, அங்க பாரேன்"னு சும்மா காட்டுறது வேற. காட்டுறதுல நீயும் பாக்குற நானும் பாக்குறேன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும், அதான் ஜாயின்ட் அட்டென்ஷன். சாதாரணமா 9 மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள வந்துடும், ஆட்டிசம் குழந்தைங்களுக்கு இந்த காட்டுறதுதான் ரொம்ப லேட்டாகும். பேச்சுக்கு அடித்தளமே இதுதாங்குறதால இத விட்டுட்டு வார்த்தைய மட்டும் புடிச்சு தொங்குறதுல பலன் கம்மி. அமெரிக்காவுல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில கோனி கசாரி டீம் கொண்டு வந்த ஜாஸ்பர்ங்குற தெரபி முறைகூட விளையாட்டு வழியா இதத்தான் பண்ணுது.

வீட்டுல செய்ய: அவன் முகத்துக்கு நேரா, அவன் உயரத்துக்கு தரைல உக்காருங்க. பலூன ஊதி வாயக் கட்டாம புடிச்சுகிட்டு "ஒன்னு, ரெண்டு..."ன்னு நிறுத்திடுங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, பேசாதீங்க (இதுதான் நம்ம ஆளுங்களுக்கு முடியாதது). அவன் லேசா உங்களப் பாத்தாலும் உடனே "மூணு"ன்னு விட்டுடுங்க. விரல் நீட்டி காட்டுறப்ப முதல்ல பொருளத் தொட்டுக் காட்டுங்க, அது பழகுனப்புறம் ஒரு சாண், அப்புறம் ரூம் அந்தப் பக்கம். "இது என்ன, இது என்ன"ன்னு பரீட்சை வேண்டாம், "அடேங்கப்பா, பறக்குது"ன்னு சொன்னா போதும். அஞ்சஞ்சு நிமிஷமா நாளைக்கு நாலஞ்சு தடவை. காசு கஷ்டம்னா அரசு சைடுல மாவட்டத்துக்கு ஒரு டிஇஐசி (சின்னப் பசங்களோட வளர்ச்சிக் குறைபாட்ட ஆரம்பத்துலயே பாக்குற மையம்) இருக்கு, ஃப்ரீ, விசாரிங்க.

மலைப்பாதை_அப்பா:
சிஸ்டர் என் பையனுக்கு நம்பர்னா உசுரு. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போர்டு இருக்குல்ல, பஸ்ல மடில வச்சுகிட்டு ஒவ்வொரு போர்டுக்கும் கை நீட்டி "அதோ ஏழு"ம்பேன், அடுத்த வளைவுல கைய நீட்டிட்டு வாய மூடிக்குவேன். மூணு ட்ரிப் ஒன்னும் நடக்கல, ஒரு ட்ரிப் வாந்தி வேற. நாலாவதுல பதிமூணாவது வளைவுல அவனே விரல நீட்டி என் மூஞ்சியப் பாத்தான். போர்ட விட என்னைத்தான் பாத்தான்!

செவ்வாய்பேட்டை_அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. பத்து நாளாச்சு. பலூன் சத்தத்துக்கு பயப்படுறான், அத விட்டுட்டேன். ஆனா முத்து வைக்கிற சில்வர் தட்டுல விரல விட்டு அளைஞ்சு சலசலன்னு பண்ணுவான், முன்னாடி அதட்டுவேன், இப்ப கழிச்சுப் போட்ட முத்த தனி தட்டுல போட்டு நானும் கூட சலசலன்னு பண்ணுறேன், அப்புறம் கைய தூக்கிட்டு சும்மா இருக்கேன். நேத்து ஒரு முத்து உருண்டு பீரோ அடிக்குள்ள போயிடுச்சு. பீரோவப் பாத்தான், என்னைப் பாத்தான், மறுபடி பீரோவப் பாத்தான். விரல் எல்லாம் நீட்டல. இது கணக்குல சேருமா?

மொழிப்பயிற்சி_சேலம்:
சேரும்ங்க, நல்லாவே சேரும். நாளைக்கு இன்னொரு முத்த நீங்களே உருட்டி விடுங்க. வாயில போடாம பாத்துக்கோங்க.