திரையில் வால்வு 0%, ஆனால் ஏஹெச்யு (குளிர்காற்று ஊதும் பெட்டி) விடாமல் குளிர்விக்கிறது – அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். ஜவுளிக்கடை, இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. செட்பாயின்ட் (வைத்த வெப்பநிலை) 24 டிகிரி. காலையில் கடை திறந்த ஒரு மணி நேரத்தில் 19-க்கு இறங்கிவிடுகிறது. கன்ட்ரோலர் திரையில் வால்வு 0% என்றுதான் இருக்கிறது. கன்ட்ரோலரின் பிஐடி (ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும்) எண்களை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். விற்பனைப் பெண்கள் ஸ்வெட்டர் கேட்கிறார்கள். நேற்று ஒரு அம்மா, பார்க்க எடுத்த புடவையையே போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தீபாவளிக்குள் சரிசெய்ய வேண்டும், முதலாளி போன் மேல் போன்.

ஓம்விதி:
சில்ட் வாட்டரா (குளிர்நீர் ஓடுவது), டிஎக்ஸா (ரெஃப்ரிஜிரன்ட்டே நேராக ஓடுவது)? வால்வு டூ-வேயா, த்ரீ-வேயா? வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டருக்குப் போகும் சிக்னல் என்ன? சாயங்காலம் கூட்டம் வந்ததும் எப்படி இருக்கிறது? சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா?

இரைச்சல்_எதிரி:
விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருக்கிறதா? இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், அதன் மின் இரைச்சல்தான் சிக்னலில் கலக்கிறது. பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் போகும், ஷீல்டை (சிக்னல் கேபிளின் உலோக உறையை) இரண்டு முனையிலும் எர்த் செய்திருப்பார்கள். கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் வைத்து, மறுமுனையை வெட்டி டேப் சுற்றுங்கள்.

வைகைக்கரை:
சில்ட் வாட்டர், டூ-வே. சாயங்காலம் சரியாக இருக்கிறது. விஎஃப்டி உண்டு. எதுவும் மாற்றவில்லை.

தோகா_பிஎம்எஸ்:
ரிட்டர்ன் ஏர் சென்சார் (அறையிலிருந்து திரும்பும் காற்றின் வெப்பத்தை அளப்பது) எங்கே இருக்கிறது? இங்கே தோகாவில் ஒரு கடையில் ஸ்பாட் லைட்டுக்கு மேலேயே வைத்திருந்தார்கள். சென்சாருக்குச் சூடு, ஆளுக்குக் குளிர்.

ஓம்விதி:
சென்சார் சூட்டை வாசித்தால் கன்ட்ரோலர் வால்வைத் திறக்கத்தானே சொல்லும்? இங்கே 0% கேட்கிறது. அதாவது அறை குளிர்ந்துவிட்டது என்று அதற்குத் தெரிகிறது. கோளாறு அதற்குப் பிறகு. வைகைக்கரை, ஆக்சுவேட்டர் தலையில் உள்ள முள் எங்கே நிற்கிறது என்று ஏணி போட்டுப் பாருங்கள்.

பழைய_நியூமேட்டிக்:
தம்பி, திரையில் தெரியும் 0% என்பது நீ கேட்டது. வால்வு கொடுத்தது அல்ல. வால்வின் நிலையைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் வயர் போடாமல் திரையைப் பார்த்து வைத்தியம் செய்யும் தலைமுறை இது. நாங்கள் அந்தக் காலத்தில் சிக்னலாக வரும் 3-15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தை கேஜில் பார்த்தே கோளாறு சொல்வோம். கையில் மல்டிமீட்டர் இருக்கிறதா, இல்லை போன் மட்டும்தானா?

வைகைக்கரை:
இருக்கிறது சார். முள் முழுசாக மூடிய கோட்டில் இல்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். வால்வு லீக்கா?

இரைச்சல்_எதிரி:
முள்ளே நகர்ந்து நிற்கிறது என்றால் சிக்னலில் இரைச்சல்தான். நான் அப்போதே சொன்னேன்.

ஓம்விதி:
இரைச்சல் என்றால் முள் ஆடும். இது ஒரே இடத்தில் அல்லவா நிற்கிறது? ஆக்சுவேட்டர் டெர்மினலில் டிசி வோல்ட் அளந்து போடுங்கள். 0% கேட்கும்போது ஒரு ரீடிங், 100%-ல் ஒரு ரீடிங்.

மின்கட்டணம்:
இடையில் ஒரு வார்த்தை. ஜவுளிக்கடைக்கு எதற்கு 24? எங்கள் கடையில் 22 வைத்தாலும் கூட்டம் புழுங்குகிறது.

தோகா_பிஎம்எஸ்:
அரசே 24 என்று சொல்லிவிட்டதே.

மின்கட்டணம்:
அது ஸ்டார் லேபிள் உள்ள ரூம் ஏசிக்கு. 2020 ஜனவரி 1 முதல், ஆன் செய்தால் 24-ல் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் நாம் 18-க்கும் இறக்கலாம். சென்ட்ரல் பிளான்ட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தோகா_பிஎம்எஸ்:
விதி பொருந்தாவிட்டால் என்ன, கணக்கு பொருந்துமே. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறார்கள்.

மின்கட்டணம்:
பம்ப், கூலிங் டவர் எல்லாம் ஓடும் பிளான்ட்டில் அதே ஆறு வருமா? பில்லைக் காட்டுங்கள், நம்புகிறேன்.

பழைய_நியூமேட்டிக்:
ஏஹெச்யு 19-ல் உறைகிறது, நீங்கள் 22-க்கும் 24-க்கும் சண்டை. தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை:
0%-ல் 2.03 வோல்ட். 100%-ல் 10.1 போல வருகிறது. பேனலுக்குள் அந்த வயரின் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு குட்டி ரெசிஸ்டர் தொங்குகிறது. பச்சை, பழுப்பு, பழுப்பு, தங்கம். யாரோ மறந்து விட்டதா? எடுத்துவிடவா?

பழைய_நியூமேட்டிக்:
கையை வைக்காதே. அது 510 ஓம். உன் கன்ட்ரோலர் கொடுப்பது வோல்ட் அல்ல, 4-20 மில்லியாம்ப். 4 மில்லியாம்ப் அதன் வழியே போனால் ஏறக்குறைய 2 வோல்ட், 20 போனால் 10. அதாவது ஆக்சுவேட்டருக்கு வருவது 2-10 வோல்ட். 2 என்றால் மூடு. வயர் அறுந்தால் 0 வரும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் 3 பிஎஸ்ஐயும் இதே புத்திதான். உன் ஆக்சுவேட்டர் 0-10 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 10-ல் 2 என்றால் அதற்கு 20% திற. சரி, உண்மையைச் சொல். ஆக்சுவேட்டரை எப்போது மாற்றினாய்?

வைகைக்கரை:
போன மாதம். ஆனால் அதே 24 வோல்ட், அதே டார்க் (திருப்பும் விசை) சார். அதனால் சொல்லவில்லை.

ஓம்விதி:
"எதுவும் மாற்றவில்லை"!

தோகா_பிஎம்எஸ்:
20% திறப்புக்கே 19 வரை இறங்குமா? ஈக்வல் பர்சென்டேஜ் வால்வு (ஆரம்பத்தில் கொஞ்சமாகவும் போகப்போக அதிகமாகவும் தண்ணீர் விடுவது) என்றால் அந்தத் திறப்பில் ஐந்து சதவீதத் தண்ணீர்கூடப் போகாதே.

ஓம்விதி:
லீனியர் வால்வாக (திறப்புக்கு நேர் விகிதத்தில் தண்ணீர் விடுவது) இருக்கும், அதையும் தேவையைப் பார்க்காமல் குழாய் அளவுக்கே போட்டிருப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் போனாலே காயில் (குளிர்விக்கும் சுருள் குழாய்) பாதிக் குளிர்ச்சியை நெருங்கிவிடும். காலையில் கூட்டம் இல்லை, அது போதும் உறைய. சாயங்காலம் ஆட்களின் சூடு அதைத் தின்றுவிடுகிறது. வைகைக்கரை, ஆக்சுவேட்டர் மூடியைத் திறந்தால் குட்டி டிப் சுவிட்ச் வரிசை இருக்கும். மூடியின் உள்பக்கம் படம் ஒட்டியிருப்பார்கள். 24 வோல்ட்டை நிறுத்திவிட்டு 2-10-க்கு மாற்றுங்கள். பிஐடியைப் பழைய எண்களுக்கே கொண்டுபோங்கள், எழுதி வைத்திருந்தால்.

இரைச்சல்_எதிரி:
எதற்கும் ஷீல்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

(நான்கு நாள் கழித்து)

வைகைக்கரை:
சுவிட்சை மாற்றினேன். காலை 11 மணிக்கு 23.8. முள் மூடிய கோட்டில் நிற்கிறது. பிஐடி எழுதி வைக்கவில்லை, கொஞ்சம் ஆடுகிறது, தீபாவளி முடிந்து பார்க்கிறேன். நன்றி சார், நன்றி அனைவருக்கும்.

பழைய_நியூமேட்டிக்:
ரெசிஸ்டரை எடுக்கவில்லையே?

(இரண்டு மாதம் கழித்து)

புதியவன்_07:
எனக்கும் இதே பிரச்சினை. எந்த சுவிட்ச், 1-ஆ 2-ஆ? அவசரம்.

ஓம்விதி:
என்ன ஆக்சுவேட்டர்?