நைட்விங் ‘ப்ளூட்ஹேவன்’ தொகுப்பு: ராபின் நிஜமாவே தனி ஆளாகிறானா?

கூரைப்பூனை:
2014-ல் வந்த ‘ப்ளூட்ஹேவன்’ முதல் தொகுப்பு வாங்கலாமா? பேட்மேனின் கூட்டாளி ராபினாக இருந்து பிறகு நைட்விங் ஆன டிக் கிரேசன், பேட்மேன் நிழலை விட்டு ப்ளூட்ஹேவன் என்ற ஊருக்கு வரும் காமிக்ஸ் கதை என்கிறார்கள். ராபின் காலம் எனக்கு மேலோட்டமாத்தான் தெரியும். பழைய ‘எ நைட் இன் ப்ளூட்ஹேவன்’ விலை குறைவா இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

பழையஇதழ்:
ஒண்ணில்லை நண்பரே. பழையதில் 1996 ‘நைட்விங்’ தொடரின் முதல் 8 இதழ் மட்டும். 2014 பதிப்பில் அதற்கு முன்னால் 1995 குறுந்தொடரின் 4 இதழும் உண்டு. அந்த நாலும் சுமார் ரகம். எழுத்தாளர் டெனிஸ் ஓநீல், டிக்கின் பெற்றோர் சாவைக் கிளறி அவனைக் கிரேவியா என்ற கற்பனை நாட்டுக்கு அனுப்புகிறார். கதை அங்கேயே தொலைந்துவிடுகிறது. விரல்வரை நீலப்பட்டை ஓடும் புது உடை மட்டும் மிச்சம். பழையதே போதும்.

வாங்கும்முன் வருஷத்தைப் பாருங்கள். 1995, 1996, 2011, 2016 என நாலு வருஷத்திலும் ‘நைட்விங்’ முதல் இதழ் இருக்கு!

மைப்புட்டி:
வசனத்தை நம்பி மதிப்பிடாதீங்க, அதில் எல்லாருமே சுதந்திரமாத்தான் பேசுவாங்க. டிக் யார் சொல்லிப் போறான், எங்கே தங்குறான்னு பாருங்க. ஆற்றில் பேட்மேனின் ஊரான காதம் (Gotham) பக்கம் பிணங்கள் மிதந்து வர, விசாரிக்க அவனை ப்ளூட்ஹேவனுக்கு அனுப்புறதே பேட்மேன்தான். ஆக, 1996 தொடரின் முதல் இதழில் இன்னும் ஏவலாள். வேலை முடிஞ்சும் திரும்பாம, ஊழல் போலீஸும் பிளாக்பஸ்டர் என்ற வில்லனும் ஆளும் அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு பிடிக்கிறானே, அதுதான் திருப்பம். எழுத்தாளர் சக் டிக்சன் அதைச் சத்தமில்லாம செய்யுறார்.

ஓவியம் ஸ்காட் மெக்டேனியல். சாய்ந்த கட்டங்கள், முறுக்கின உடம்புகள். சண்டைப் பக்கங்களில் எந்தக் கட்டம் முதல்னு கண் தடுமாறும். நிதானமா படிங்க.

கிரிப்டான்வாசி:
ராபின் பட்டத்தை விட்ட கதை இதில் கிடையாது சார். அதுவும் ரெண்டு விதமா இருக்கு. 1984-ல் ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ 39-ம் இதழில் டிக் தானே கழற்றி வைக்கிறான். அதே வருஷம் ‘டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்’ 44-ல் நைட்விங் ஆகிறான் (எழுத்து மார்வ் உல்ஃப்மேன், ஓவியம் ஜார்ஜ் பெரெஸ்). 1987-ல் ‘பேட்மேன்’ 408 அதை மாற்றி, ஜோக்கர் சுட்டபிறகு பேட்மேனே நிறுத்திவிடுவதாகச் சொன்னது. 2005-ல் ‘நைட்விங்: இயர் ஒன்’ (இதழ் 101–106) கதையில் பேட்மேன் அவனைத் துரத்தியே விடுகிறார்.

முதலில் 1984 கதை, பிறகு இந்தத் தொகுப்பு. ‘இயர் ஒன்’ கடைசியில் போதும். அதில் நைட்விங் என்ற பெயரே சூப்பர்மேன் சொன்ன கிரிப்டான் கதையிலிருந்து எடுத்ததுதான். ஒரு பெரியவரை விட்டு இன்னொருவரிடம் போயிருக்கிறான் பையன்.