புதுப்பிப்பு: பின்பக்க ‘டொக்’ சத்தம் பிடிபட்டது

காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் (குலுக்கலை அடக்கும் பாகம்) இரண்டையும் மாற்றிய பிறகு, வேகத்தடையில் மெதுவாக ஏறினாலே வலது பக்கம் ‘டொக்’ என்று தட்டுகிறது என எழுதியிருந்தேன். ஸ்டெப்னி, ஜாக்கியை இறக்கிவிட்டு ஓட்டியும் சத்தம் போகவில்லை.

அப்புறம் டிக்கிக்குள் ஓரத்து அட்டையைக் கழற்றி, ஷாக்கின் மேல் முனையில் விரல் வைத்துக்கொண்டேன். தம்பி வெளியே நின்று வண்டியை அமுக்கி அமுக்கி விட்டான். ஒவ்வொரு முறையும் விரலில் தட்டியது. நட்டு இறுகித்தான் இருந்தது. ரப்பர் புஷ்ஷுக்கு (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) மேலே வரவேண்டிய வாஷரைத்தான் காணோம். பழைய ஷாக்கோடு குப்பைக்குப் போயிருக்கும்!

வேறு மெக்கானிக்கிடம் வாஷர் போட்டாயிற்று. ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொன்னேன். வண்டியைத் தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

நேற்று 40 கிலோமீட்டர் ஓட்டினேன், தட்டவில்லை. இப்போது பின்சீட் பெல்ட் பக்கிள் கிலுகிலுப்பது கேட்கிறது.