பதினாலு நாள், ஒரு வருசம், எல்.எம்.ஐ.ஏ.: கனடாவில் "ஓட்டை" என்று விற்கப்படும் மூன்று வழிகள்

கேள்வி

விசிட்டர் விசாவில வந்து ஏழு மாதமான ஒரு குடும்பத்துக்காகக் கேக்கிறன். தாய், தகப்பன், ரெண்டு பிள்ளையள். ஆளாளுக்கு ஒண்டு சொல்லுகினம். விசா முடியிற வரைக்கும் இருந்திட்டு ஆறுதலா அகதிக் கேஸ் போடலாம் எண்டு ஒருத்தர். அமெரிக்காவில நிக்கிற பெரியப்பாவின்ர மகனைக் காட்டுப் பக்கத்தால கூப்பிட்டு, பதினாலு நாள் வீட்டுக்குள்ள வைச்சிருந்தால் சரி எண்டு இன்னொருத்தர். காசு குடுத்தால் எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டாளை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் கிடைக்கிற அரசு அனுமதி) எடுத்து பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) வரைக்கும் கொண்டுபோய் விடுறன் எண்டு மூண்டாவது ஆள். சி-12 எண்ட மசோதா வந்து எல்லா ஓட்டையையும் அடைச்சுப்போட்டாங்கள் எண்டும் கதைக்கினம். எதை நம்புறது?

பதில் 1

தம்பி, மூண்டையும் ஒரே சாக்குக்குள்ள போடாதேங்கோ. ஒவ்வொண்டுக்கும் வேற சட்டம், வேற கெடு.

பதினாலு நாள் கதை எங்கயிருந்து வந்தது எண்டு முதல்ல பாப்பம். கனடாவும் அமெரிக்காவும் செய்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் 2004 டிசம்பர் 29 இல் நடைமுறைக்கு வந்தது. முதல்ல காலடி வைச்ச நாட்டிலதான் அகதி கோரவேணும் எண்டதுதான் அதின்ர சாரம். ஆனால் அது தரைவழிச் சோதனைச் சாவடிகளுக்கு மட்டும் எழுதின ஒப்பந்தம். சாவடியில கேட்டால் திருப்பி அனுப்புவினம், சாவடி இல்லாத இடத்தால நடந்து வந்து கேட்டால் விசாரிப்பினம். அந்த இடைவெளிதான் கியூபெக்கின்ர ரொக்ஸம் ரோட்டை உலகம் முழுக்கத் தெரியப்பண்ணினது. 2022 இல் மட்டும் கியூபெக் பக்கத்தால 39 ஆயிரம் பேருக்கு மேல அப்பிடி வந்தவை.

2023 மார்ச் 25 இலிருந்து எல்லை முழுக்க, ஆறுகள் ஏரிகள் உட்பட, ஒப்பந்தம் பொருந்தும். கள்ளமாக் கடந்து 14 நாளுக்குள்ள கேட்டால் திருப்பி அனுப்பலாம். அப்ப 15 ஆம் நாள் கேட்டால்? அதுதான் புது ஓட்டை. ஏஜென்சிக்காரர் "ஒளிச்சிருக்கிறதுக்கும்" சேர்த்துக் காசு வாங்கத் தொடங்கினவை.

அதை அடைக்கத்தான் 2025 யூன் 3 இல் சி-2 மசோதா வந்தது. பிறகு அகதி சம்பந்தமான பகுதியைப் பிரிச்சு ஒக்டோபர் 8 இல் சி-12 எண்டு கொண்டுவந்து, டிசம்பரில கீழவை நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பினது. அதின்படி, சாவடி இல்லாத இடத்தால அமெரிக்காவிலிருந்து வந்து 14 நாள் கழிச்சுக் கேக்கிற ஆளின்ர கேஸ், அகதிக் கேஸை விசாரிக்கிற குடிவரவு அகதிகள் சபைக்கு, அதாவது ஐ.ஆர்.பி.க்குப் போகாது. கூப்பிட நினைக்கிற ஆளுக்கு இதை விளங்கப்படுத்துங்கோ. பனிக்காலத்தில எல்லையைக் கள்ளமாக் கடக்கப் போய்ச் செத்த குடும்பமும் இருக்கு.

பதில் 2

பெரியப்பாவின் மகன் என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் சறுக்கும் இடம் அதுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு நேர்வழி இருக்கிறது. கனடாவில் குறிப்பிட்ட உறவினர் இருந்தால் சாவடிக்கே நேராகப் போய்க் கேட்கலாம். கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை, பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், சட்டப்படியான பாதுகாவலர், இவ்வளவுதான். பெரியப்பாவின் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. வருபவருக்குக் கனடாவில் பெரியப்பா இருந்தால் சரி, பெரியப்பாவின் மகன் மட்டும் இருந்தால் சரியில்லை. மச்சானும் இல்லை.

நாம் பெரியப்பா மகனையும் "அண்ணா" என்றுதான் சொல்வோம். நேர்காணலில் "என்ர அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார்" என்று சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் அதைக் கூடப்பிறந்தவர் என்று மாற்றிவிடுவார். பிறகு பிறப்புச் சான்றிதழில் வேறு தகப்பன் பெயர் இருக்கும். பொய் சொல்ல நினைக்காத ஆளும் அந்த இடத்தில் பொய்யர் ஆகிவிடுவார். ஆகவே முதல் வசனத்திலேயே "ஒரே தாய் தகப்பன்" அல்லது "பெரியப்பாவின் மகன்" என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உறவை நிரூபிப்பது சங்கிலி மாதிரி. பெரியப்பா என்றால் மூன்று பிறப்புச் சான்றிதழ் வேண்டும்: வருபவருடையது, அவர் தகப்பனுடையது, பெரியப்பாவுடையது. பின்னிரண்டிலும் ஒரே பெற்றோர் பெயர் இருக்கவேண்டும். ஒன்றில் "கந்தையா", மற்றதில் "கந்தப்பிள்ளை" என்று இருப்பது நம் ஊர்ப் பதிவுகளில் சர்வசாதாரணம். அதற்குச் சத்தியக்கடதாசி முன்கூட்டியே வேண்டும். மொழிபெயர்ப்பு, பெரியப்பாவின் பி.ஆர். காட் அல்லது குடியுரிமைச் சான்றின் பிரதி, அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண், எல்லாம் கையில் இருக்கவேண்டும். அதிகாரி பெரியப்பாவுக்கு அழைத்துக் கேட்கலாம். அவர் வேலையில் இருந்து போன் எடுக்காவிட்டால் நட்டம் வருபவருக்கு.

ஏனென்றால் வாய்ப்பு ஒன்றுதான். தகுதியில்லை என்று ஒருமுறை முடிவானால் பிறகு சான்றிதழைத் தேடிக்கொண்டு திரும்பி வந்து புதுக் கேஸ் போட முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். உறவினர் விலக்கில் உள்ளே வந்தவருக்கு, கேஸ் தோற்றால், ஐ.ஆர்.பி.யின் மேன்முறையீட்டுப் பிரிவு கிடையாது. நேரே பெடரல் கோட்டுக்குத்தான் போகவேண்டும், 15 நாளுக்குள்.

பதில் 3

ஏழு மாதக் குடும்பத்துக்கு அவசரமான விசயம் ஒரு வருச விதி. சி-12 இல் இதுதான் நம் ஆக்களை அதிகம் கடிக்கப் போகிறது.

2020 யூன் 24 க்குப் பிறகு கனடாவுக்குள் நுழைந்தவர், நுழைந்து ஒரு வருசம் கழித்துக் கேஸ் போட்டால் அது ஐ.ஆர்.பி.க்கு அனுப்பப்படாது. கணக்கு தொடங்குவது முதல் நுழைவிலிருந்து. கடைசி நுழைவு என்று நினைத்துத்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு கலியாணத்துக்கு இரண்டு கிழமை வந்து போனவர், 2024 இல் ஸ்ரடி பெர்மிட்டில் திரும்பி வந்தால், அவருடைய ஒரு வருசம் 2022 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். தகப்பன் முன்பு ஒருமுறை தனியாக வந்து போயிருந்தால் அவர் கணக்கு வேறு, தாயின் கணக்கு வேறு.

இந்த விதி 2025 யூன் 3 முதல் போட்ட கேஸ்களுக்குப் பின்னோக்கிப் பாயும்படி எழுதப்பட்டது. அதனால் "சட்டமாக முதல் போட்டால் தப்பலாம்" என்ற கணக்கு வேலைக்காகாது. விசா முடியும் வரை ஆறுதலாக இருங்கள் என்று சொன்னவர் பழைய கனடாவில் இருக்கிறார்.

ஐ.ஆர்.பி.க்குப் போகாதவரை உடனே ஏற்றி அனுப்புவதில்லை. பி.ஆர்.ஆர்.ஏ. என்ற, அனுப்புவதற்கு முன்னான ஆபத்து மதிப்பீடு கிடைக்கும். அறிவித்தல் கையில் கிடைத்து 15 நாளில் படிவம், அடுத்த 15 நாளில் ஆதாரம். முடிவெடுப்பது குடிவரவு அதிகாரி. நேரில் பேச விடுவார்கள் என்று நிச்சயமில்லை, தாளைப் பார்த்தே முடிக்கலாம். ஆகவே தாள்தான் உங்களுக்காகப் பேசவேண்டும்.

லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ ஏற்கெனவே கேஸ் போட்டவருக்கும் பி.ஆர்.ஆர்.ஏ.தான், ஆனால் அவரை நேரில் கேட்காமல் மறுக்க முடியாது. அது சி-12 இல் வந்ததில்லை, 2019 இலிருந்தே இருக்கிறது. அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கோடும் கைரேகை பரிமாறுகிறார்கள். மறைத்தால் பிடிபடும்.

பதில் 4

எல்லாரும் சட்டத்தைத் திட்டுகிறோம். ஆனால் 2024 இல் 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல் அகதி கோரினார்கள். 2025 நடுப்பகுதியில் ஐ.ஆர்.பி.யில் தேங்கிய கேஸ் 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. கொலேஜ் சீட் எடுத்து வந்து, பெர்மிட் முடியும் மாதம் கேஸ் போட்டவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். உண்மையாகச் சித்திரவதைப்பட்டவர் அவருக்குப் பின்னால் வருசக்கணக்கில் காத்திருக்கிறார். கெடு வைப்பதில் என்ன பிழை?

பதில் 3 எழுதியவர்

கெடு வைப்பதே பிழை என்று சொல்லவில்லை. ஆபத்து எப்போது வரும் என்று கலண்டர் பார்த்து வருவதில்லை. படிக்க வந்து மூன்றாம் வருசத்தில் ஊரில் ஆட்சி மாறினால், இங்கே ஒரு கூட்டத்தில் பேசியது அங்கே பிரச்சினையானால், அவர் என்ன செய்வது? அவருக்கும் பி.ஆர்.ஆர்.ஏ. மட்டும்தான்.

வாய்மொழி விசாரணை கனடா சும்மா தந்ததல்ல. 1985 ஏப்ரல் 4 இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், நம்பகத்தன்மை பற்றிய முடிவு என்றால் ஆளை நேரில் கேட்கவேண்டும் என்று சொன்னது. அதைத் தொடர்ந்துதான் 1989 இல் ஐ.ஆர்.பி. உருவானது. இடையில் 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் வந்து, இந்தியாவிலிருந்து வந்தோம் என்று சொல்லி, பிறகு ஜெர்மனியிலிருந்து வந்தது தெரிந்தபோதும் இதே "ஓட்டை" விவாதம்தான். 2010 இல் 492 தமிழருடன் சன் சீ கப்பல் வந்தபோதும் அதுவே; 2012 இல் சட்டம் இறுகியது. இந்தப் பாட்டு நமக்குப் புதுசில்லை. தேக்கத்தைக் குறைக்கவேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். கேட்காமல் குறைப்பதில் நிற்கமாட்டேன்.

பதில் 5

எல்.எம்.ஐ.ஏ. ஆளைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.

எல்.எம்.ஐ.ஏ. எடுக்கிறது முதலாளி. ஒரு இடத்துக்கு 1,000 டொலர் கட்டணம், அதையும் முதலாளிதான் கட்டவேணும். வேலைக்காரனிட்டத் திருப்பி வாங்கிறது சட்டவிரோதம். ஆனபடியால் உங்களிட்டக் காசு கேட்ட உடனயே அது கள்ளம். முந்தி ஏன் அவ்வளவு விலைபோனது எண்டால், புள்ளி பாத்து பி.ஆர். குடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு 50 புள்ளி, பெரிய மேலாளர் வேலைக்கு 200 புள்ளி கிடைச்சது. 2025 மார்ச் 25 இல் அந்தப் புள்ளியை எடுத்துப்போட்டாங்கள். சரக்குப் பழுதாப் போன பிறகும் அந்தாள் பழைய விலைக்கு விக்கிறார்.

இன்னும் ரெண்டு: விசிட்டரா நிண்டுகொண்டு உள்ளேயிருந்தே வேர்க் பெர்மிட் கேக்கிற கோவிட் காலச் சலுகை 2024 ஓகஸ்ட் 28 ஓட முடிஞ்சுது. போர்டருக்குப் போய் வட்டமடிச்சு வந்து பெர்மிட் எடுக்கிறதும் 2024 டிசம்பர் 23 ஓட சரி.

பிடிபட்டால் தவறான தகவல் குடுத்த குற்றம், ஐந்து வருசத் தடை. ஏற்கெனவே மாட்டுப்பட்டு, சம்பளத்தை வங்கியில போட்டுட்டுப் பாதியைக் காசாத் திருப்பி வாங்கிற முதலாளியிட்ட நிக்கிற ஆக்கள் ஆராவது இருந்தால், பாதிக்கப்படக்கூடிய வேலையாட்களுக்கான ஓப்பின் வேர்க் பெர்மிட் இருக்கு. சம்பளத் துண்டு, வங்கிக் கணக்கில காசு எடுத்த திகதி, வாட்ஸ்அப் மெசேஜ், இதுகளை அழிக்காமல் வைச்சிருக்கச் சொல்லுங்கோ.

கேள்வி கேட்டவர்

விளங்குது. அந்தக் குடும்பத்துக்கு ஊரில உண்மையாவே பிரச்சினை இருக்கு. இப்பவே போடுறதெண்டால் என்ன ஒழுங்கு?

பதில் 2 எழுதியவர்

முதலில் ஆளைச் சரிபாருங்கள். லோயர் என்றால் ஒன்ராறியோ லோ சொசைற்றியின் பட்டியலில், குடிவரவுக் கொன்சல்ரன்ற் என்றால் அவர்களை ஒழுங்குபடுத்தும் "கொலேஜ்" என்ற அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். எல்லாக் கொன்சல்ரன்ற்றும் ஐ.ஆர்.பி. முன் வாதாட முடியாது, அதற்குத் தனி உரிமம் வேண்டும். உங்கள் பிரதிநிதி யார் என்று காட்டும் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் தன் பெயரை எழுத மறுப்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வசதி குறைந்தால் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு முதல் நாளே அழையுங்கள்.

உள்ளேயிருந்து போடுவது இணையத்தளம் வழியாக. ஏன் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று எழுதும் பி.ஓ.சி. படிவம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அதில்தான் கேஸ் நிற்கும், விழும். விசாரிப்பவர்கள் கையில் உங்கள் விசிட்டர் விசா விண்ணப்பமும் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். அதில் "நிரந்தர வேலை, திரும்பி வருவேன்" என்று எழுதி, பி.ஓ.சி.யில் அதே மாதங்களில் தலைமறைவாக இருந்தேன் என்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். விசா விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தால், என்ன எழுதினார் என்று பிரதி எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அதை நீங்களே முந்திச் சொல்லி, காரணமும் எழுதுங்கள். ஏழு மாதம் ஏன் பொறுத்தீர்கள் என்பதற்கும் பதில் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

பதிந்ததும் ஒப்புதல் கடிதம் வரும். அதை வைத்து மருத்துவச் செலவுக்கு இடைக்கால பெடரல் சுகாதாரத் திட்டம். மருத்துவப் பரிசோதனை 30 நாளுக்குள், தவறினால் வேர்க் பெர்மிட் இழுபடும். பெர்மிட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் படிவத்தில் வேண்டும் என்று குறிக்கவேண்டும். பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், முன்பே எல்லாப் பக்கமும் பிரதி எடுத்துவையுங்கள். வெளியேற்ற ஆணை என்று ஒரு தாளும் தருவார்கள். அதைப் பார்த்து அழுது போன் எடுப்பவர்கள் நிறைய. அது நிபந்தனையோடு வருவது, கேஸ் நடக்கும்வரை செயற்படாது.

தோற்றால், எழுத்து மூலக் காரணம் கிடைத்து 15 நாளில் மேன்முறையீட்டு அறிவித்தல். கேஸ் நடக்கும்போது மனிதாபிமான அடிப்படையில் பி.ஆர். கேட்க முடியாது, தோற்ற பிறகும் பெரும்பாலும் ஒரு வருசம் பொறுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன் என்று காசு கேட்பவரிடம் இதைக் கேளுங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒண்டு விட்டுப்போச்சு. வெண்டு பி.ஆர். கிடைச்ச பிறகும், சிட்டிசன் ஆகும் வரைக்கும், இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிக்கிறதோ ஊருக்குப் போறதோ வேண்டாம். அந்த நாட்டின்ர பாதுகாப்பைத் திரும்ப எடுத்தனீங்கள் எண்டு சொல்லி அகதி நிலையை முடிக்கக் கேப்பினம். 2012 க்குப் பிறகு அதோட பி.ஆர்.உம் போகும். ஊரில அம்மாவுக்குக் கடுமையாச் சுகமில்லை எண்டாலும் ரிக்கெற் போட முதல் லோயரோட கதையுங்கோ.