பி.பி.ஏ. சேரலாமா? எல்லாம் கணினி செய்யும் காலத்தில் நிர்வாகப் படிப்பு எதற்கு?

அடுத்தென்ன:
பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. வீட்டில் இரண்டு கட்சி. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார். எனக்கு பி.பி.ஏ., அதாவது வணிக மேலாண்மை படிக்க ஆசை. "அறிக்கை எழுத, கணக்குப் பார்க்க, விளம்பரம் யோசிக்க, எல்லாவற்றுக்கும் சாட்ஜிபிடி வந்துவிட்டதே, மூன்று வருடம் உட்கார்ந்து எதைப் படிக்கப்போகிறாய்?" என்று மாமா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படித்தவர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் கொஞ்சம் சொல்லுங்கள்.

நிரல்காரன்:
தம்பி, மாமா கேட்டது சரியான கேள்வி. பாடத்திட்டத்தை ஒரு முறை எடுத்துப் பார். மார்க்கெட்டிங்கில் "நான்கு பி" (பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம்) என்று ஒன்று வரும், அது 1960ஆம் ஆண்டுச் சரக்கு. ஒரு தொழிலில் போட்டி எவ்வளவு என்று அளக்க மைக்கேல் போர்ட்டர் என்ற பேராசிரியர் சொன்ன "ஐந்து விசைகள்" 1979இல் வந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அந்தக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் சாட்ஜிபிடி மாதிரி செய்யறிவு பத்து நொடியில் நிரப்பித் தந்துவிடும். அதற்கா மூன்று வருடம்? நிரல் எழுதுபவன் நிர்வாகத்தை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். நிர்வாகம் படித்தவர் முப்பது வயதில் நிரல் கற்று நான் பார்த்ததில்லை.

பழைய பேரேடு:
22 வருடம் கணக்குப் பிரிவிலும் நிர்வாகத்திலும் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இன்று நீங்கள் தினமும் திறக்கும் எக்செல்லுக்குத் தாத்தா விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள். 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அதன் யோசனை டான் பிரிக்லினுக்கு எங்கே உதித்தது தெரியுமா? ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது. ஒரு எண்ணை மாற்றினால் கட்டம் முழுவதையும் அழித்து மறுபடி போட வேண்டிய எரிச்சலில் பிறந்தது அது. எங்கே வலிக்கிறது என்று வகுப்பறை காட்டியது. இயந்திரம் அப்புறம் வந்தது.

நிரல்காரன்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே ஐயா. பிரிக்லின் அதற்கு முன்பே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி படித்து, நிரலாளராக வேலை பார்த்தவர். விசிகால்க் நிரலை எழுதிய பாப் ஃபிராங்க்ஸ்டனும் எம்.ஐ.டி.க்காரர்தான். வலி தெரிந்தவர்கள் அந்த வகுப்பில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், மருந்து தெரிந்தவர் ஒருவர்தான். இதே கதைதான் எங்கும். ஆப்பிளின் டிம் குக்கும் மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெல்லாவும் எம்.பி.ஏ.தான், ஆனால் இருவரும் முதலில் பொறியியல். நீங்கள் காட்டும் உதாரணம் எல்லாம் என் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறது.

கடைசி பெஞ்ச்:
நான் பி.பி.ஏ. மூன்றாம் வருடம். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். போன செமஸ்டரில் நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட். அறிக்கை, பட்டியல், ஸ்லைடு எல்லாம் செய்யறிவு போட்டது. ஒரு மாலை நேர வேலை. மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. பிரசன்டேஷன் முடிந்ததும் வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த விலையில் ஒரு பொருள் விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?" நாலு பேரும் திரையைப் பார்த்தோம். எங்கள் ஸ்லைடிலேயே விடை இருந்தது, எந்த வரியில் என்று தெரியவில்லை.

படிப்பு மோசமா, நாங்கள் படித்த விதம் மோசமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிரல்காரன்:
படிப்பே அப்படித்தான் என்கிறேன். மதிப்பெண் போட்டுவிட்டார்களே!

பழைய பேரேடு:
அந்த மதிப்பெண்ணுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கட்டத்தை நிரப்புவதுதான் தேர்வு என்றால் அந்தக் கல்லூரியை மூடலாம். ஆனால் நிர்வாகம் என்றால் கட்டம் நிரப்புவது என்று நினைக்கிறீர்களே, சண்டை அங்கேதான்.

2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். புதிய நிரலை எட்டு சர்வர்களில் போட வேண்டும், ஏழில்தான் போட்டார்கள். எட்டாவதில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி ஆர்டர் போட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. பிறகு விசாரித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் கண்டுபிடித்தது என்ன? சந்தை திறப்பதற்கு முன்பே, ஏதோ கோளாறு என்று 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருக்கின்றன. அவற்றைப் படித்து நடவடிக்கை எடுப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. போட்ட நிரலை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதியும் கிடையாது.

இதை நிரல் பிழை என்பீர்களா?

நிரல்காரன்:
நிச்சயமாக. எட்டு சர்வர்களுக்கும் ஒரே கட்டளையில் தானாகப் போகும்படி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பழைய நிரலை அப்போதே நீக்கியிருக்க வேண்டும். இரண்டும் எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

பழைய பேரேடு:
அரிச்சுவடிதான். அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள் என்று உங்கள் ஆட்கள் கேட்டால், "இந்தக் காலாண்டில் வேண்டாம்" என்று சொல்லும் நாற்காலி ஒன்று இருக்கும் இல்லையா? அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதுதான் இந்தத் தம்பியின் கேள்வி.

அடுத்தென்ன:
தம்பி இல்லை, தங்கை. 🙂 தொடருங்கள்.

நிரல்காரன்:
மன்னிக்கவும் தங்கை. ஐயா, அந்த நாற்காலியில் நிரல் தெரிந்தவர் உட்கார்ந்தால் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க மாட்டார். என் வாதமே அதுதான்.

பழைய பேரேடு:
சொல்லியிருப்பார். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் புதுச் சாமானை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்த கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய எஞ்சின். அதிலிருந்து கூரையை ஒட்டி ஒரு நீண்ட தண்டு ஓடும். அதிலிருந்து பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுழற்றும். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வேலையின் ஓட்டம் தீர்மானிக்கவில்லை, தண்டுதான் தீர்மானித்தது. மாடி மேல் மாடியாகக் கட்டியதற்கும் அது ஒரு காரணம். 1882இல் எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் திறந்தார். பல தொழிற்சாலைகள் என்ன செய்தன? எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தன. தண்டு அப்படியே, பட்டை அப்படியே. பெரிய லாபம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் ஒரே தளத்தில் வேலையின் வரிசைப்படி அடுக்கலாம் என்பது பரவ ஒரு தலைமுறை ஆனது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் எகிறியது 1920களில்தான். பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் 1990இல் இதைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார்.

மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று தெரியாதவர்களா அந்த நாற்பது வருடமும் இருந்தார்கள்? வேலையைப் புதிதாக அடுக்கத் தெரியவில்லை. இன்று பல அலுவலகங்களில் செய்யறிவை எங்கே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதே வாராந்திர அறிக்கை, யாரும் படிக்காத அதே இருபது பக்கம், இப்போது சீக்கிரம் தயாராகிறது. பழைய தண்டு, புது மோட்டார்.

நிரல்காரன்:
கதை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1920களில் வேலையை மாற்றி அடுக்கியவர்கள் பி.பி.ஏ. சான்றிதழோடு வந்தார்களா? பெரும்பாலும் பொறியாளர்கள்.

பழைய பேரேடு:
அது சரி. வேண்டியது திறமை, அது பட்டத்தோடு ஒட்டி வருவதில்லை. அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
எனக்கு வேறு பயம். நல்ல முடிவெடுப்பது அனுபவத்தில் வரும் என்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் இரண்டு வருடம் புதியவர்கள் செய்ததெல்லாம் அறிக்கை, ஸ்லைடு, எண்களைச் சரிபார்ப்பது. அந்த அலுப்பான வேலையில்தான் தொழில் பிடிபடும் என்று சீனியர்கள் சொல்வார்கள். இப்போது அதையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் நாங்கள் எங்கே நின்று கற்பது?

பழைய பேரேடு:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என்னிடம் இருக்கும் புதியவர்களை இயந்திரம் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க வைக்கிறேன். அது போதுமா என்றால், தெரியவில்லை.

நிரல்காரன்:
இந்த ஒரு விஷயத்தில் எங்கள் பக்கமும் அதே கதிதான். ஜூனியர் எழுத வேண்டிய நிரலை இப்போது கருவி எழுதுகிறது. தங்கை, அப்பாவிடம் இதையும் சொல்லிவிடு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் தப்பித்துவிடலாம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பழைய பேரேடு:
சரி, பேச்சு போதும். ஒரு கணக்குத் தருகிறேன். கையில் 300 இருக்கிறது. முதல் மாத விற்பனை 100, பிறகு மாதா மாதம் 20 கூடுகிறது. செலவு விற்பனையில் 90 சதவீதம், அந்தந்த மாதமே கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருவார்கள். ஒவ்வொரு மாதமும் லாபம். கையில் இருக்கும் பணம் எப்போது தீரும்?

நிரல்காரன்:
ஐந்து வரி நிரல் போதும். ஆறாம் மாத முடிவில் 10 இருக்கிறது, ஏழாம் மாதம் மைனஸ் 8. லாபத்தில் ஓடும் வியாபாரம் ஏழாம் மாதம் சம்பளம் போட முடியாமல் நிற்கும். விடை சரிதானே?

பழைய பேரேடு:
சரி. இப்போது என்ன செய்வீர்கள்?

நிரல்காரன்:
இரண்டு மாதத் தவணையை ஒரு மாதமாகக் குறைப்பேன். ஓட்டிப் பார்த்துவிட்டேன், பணம் 190க்குக் கீழே இறங்கவே இல்லை.

பழைய பேரேடு:
பக்கத்து நிறுவனம் இரண்டு மாதத் தவணை தருகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டால்?

நிரல்காரன்:
அது கேள்வியில் இல்லையே.

பழைய பேரேடு:
ஆமாம், இல்லை.

அடுத்தென்ன:
நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். தவணையைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் 140க்கு வந்த விற்பனையை அதற்கு மேல் கூட்டாமல் அங்கேயே பிடித்துவைத்தால், நாலாம் மாதம் கையில் 70, ஐந்தாம் மாதம் 84, பிறகு ஏறிக்கொண்டே போகிறது. இது சரியா ஐயா?

நிரல்காரன்:
கணக்குச் சரி. ஆனால் தங்கை, விற்பனை நன்றாக ஏறும்போது "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று எந்த முதலாளியிடம் போய்ச் சொல்வாய்? கேட்பாரா?

அடுத்தென்ன:
அதை எப்படிச் சொல்வது என்று அங்கே சொல்லித் தருவார்களா என்றுதான் சனிக்கிழமை கல்லூரியில் கேட்கப்போகிறேன். அப்பாவும் கூட வருகிறார். இந்தக் கணக்கை அவரிடமும் கொடுத்திருக்கிறேன், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.