300 மீட்டர் விதி தோட்டத்து வீட்டுக்குச் செல்லாதா?

கேள்வி (மேட்டுக்காடு):
பல்லடத்துக்கும் காரணம்பேட்டைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். தாத்தா காலத்துச் சாளை (தோட்டத்து வீடு), அதை ஒட்டி அப்பா கட்டின தட்டைக் கூரைத் தார்சு வீடு. கல்குவாரி 200 மீட்டர் கூட இருக்காது. சாயங்காலம் வெடி வைக்கிறதுக்கு முன்னால் விசில் ஊதுவார்கள், கொஞ்ச நேரத்தில் அலமாரி டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது. சோளத்தட்டை உதறிப் போட்டாலும் தூசிக்கு மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 300 மீட்டருக்குள் குவாரி கூடாதே என்று கேட்டால், "உங்க வீடு கணக்கிலேயே இல்லை" என்கிறார்கள். அதெப்படிங்க?

கணக்குப்பிள்ளை:
சிக்கல் அங்கேதான். 1959 சிறுகனிம விதிகளில் 36-வது விதி குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் என்கிறது, சரி. ஆனால் குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) வீட்டுமனையாகவோ இருக்கணும், இல்லாவிட்டால் உள்ளாட்சி, நகரமைப்பு மாதிரி ஓர் அமைப்பு அங்கீகரித்த மனையாக இருக்கணும். நம் பக்கம் பாதிச் சனம் தோட்டத்துச் சாளையில்தான் குடியிருக்கிறது, பட்டாவில் அது வெறும் புஞ்சை! அப்பா பஞ்சாயத்தில் பிளான் அனுமதி வாங்கினாரா என்று முதலில் தேடுங்கள், அந்தத் தேதி குவாரிக் குத்தகைக்கு முந்தியதா என்பதும் முக்கியம். அப்புறம் மாவட்டக் கனிமவளத் துறைக்கு ஆர்டிஐ போட்டு, குத்தகை ஆணை, சுரங்கத் திட்ட வரைபடம், விஏஓ கொடுத்த தூரச் சான்று மூன்றையும் கேளுங்கள்.

டிப்பர்:
நான் கல் உடைக்கும் கிரஷரில் எட்டு வருஷம் இருந்தவன், எங்கள் ஊரில் பலருக்கு இதுதான் சோறு, அதனால் திட்டாதீர்கள். ஜன்னல் மூலை விரிசல் எல்லாமே வெடியால்தான் வரும் என்றில்லை, கரிசல் மண் இறங்கினாலும் வரும். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிப் போட்டோ எடுங்கள். எந்த வெடிக்குப் பிறகு உடைகிறது என்று நோட்டில் குறியுங்கள். அதிர்வை அளக்கச் சொல்லியும் புகார் மனுவில் கேட்கலாம். 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் (நொடிக்கு 8 தடவைக்கும் குறைவாக ஆடும்) உள்ள அதிர்வு என்றால் வீடுகளுக்கு அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் வரம்பு.

மேட்டுக்காடு:
பீரோவைக் குடைந்ததில் 1998 வீட்டு வரி ரசீதுதான் கிடைத்தது. ஆகுமா?

கணக்குப்பிள்ளை:
அது அனுமதி ஆகாதுங்க. ஆனால் அப்போதே வீடு இருந்ததற்குச் சாட்சி. நகல் எடுத்து மனுவோடு வையுங்கள், அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.